சொந்தக் கற்பனை

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துவிட்டார். இனிக் கொஞ்ச நேரம் பயமில்லை. தாளில் இருப்பதை மட்டும் வாசித்தால் போதும், வாசித்துவிட்டு நன்றி வணக்கம் என்று இறங்கிவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், புளிக்குழம்பு காலையிலேயே வைத்துவிட்டேன், அப்பளம் பொரிப்பதுதான் பாக்கி. மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் ‘எழுதலாம், சம்பாதிக்கலாம்: எழுத்தாளர் தவசிமுத்து வழிகாட்டுகிறார்’ என்று பெரிதாக அச்சடித்து அவர் போட்டோவையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. கழுத்தில் கிடந்த மாலையைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறார்கள், சரியாக அழியாமல் காதோரம் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைக்கைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். கடைக்கு வரும் மோட்டாரையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை, அதுதான் அவர் தொழில், அதில் அவரை அடித்துக்கொள்ளக் கோவில்பட்டியில் ஆள் கிடையாது. கதை எழுதுவது நான். அவர் பெயரில் எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ‘இன்னைக்குச் சொல்லிரலாம்னு இருக்கேன் செம்பகம்’ என்றார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ‘உங்க இஷ்டம்’ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்வதற்கு என்ன கஷ்டம். கல்லூரிக்காரர்கள் அனுப்பிய காரில் ஏறும்வரை அந்த வார்த்தை வாயிலேயே இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

‘முதல் விஷயம், எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போறீங்களோ அந்தப் பத்திரிகையை வாங்கிப் படிங்க’ என்று வாசிக்கிறார். வாங்கி, கொஞ்ச நாள் விடாமல் படியுங்கள் என்று எழுதியிருந்தேன், கொஞ்ச நாளை முழுங்கிவிட்டார். பரவாயில்லை. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பக்கக் கதை கேட்கிற இடத்துக்கு ஒன்பது பக்கக் கதையை அனுப்பாதீர்கள். தீபாவளி மலருக்கு எழுதுவதானால் ஆடி பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள், ஐப்பசியில் அனுப்பினால் அது அடுத்த தீபாவளிக்குத்தான். யூனிகோடில் அடித்து அனுப்புங்கள், செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். மெயிலின் தலைப்பில் வணக்கம் என்று மட்டும் போடாதீர்கள், ஆசிரியருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வணக்கம் வரும், கதையின் பெயரைப் போடுங்கள். பதில் வருவதற்குள் ஃபேஸ்புக்கில் ஏற்றிவிடாதீர்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான், எனக்குத் தெரியாதா, ஒவ்வொன்றும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அவர் குரலில் கேட்கும்போது மோட்டார் பெட்டியில் ஒட்டியிருக்கும் குறிப்பை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கதை வர வேண்டுமே. அது எங்கிருந்து வரும் என்று நான் தாளில் எழுதவில்லை. எழுதினால் எப்படி எழுதுவது. மொச்சை உரியுங்கள் என்று எழுதலாம். யாராவது மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால் அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள், மொச்சை இல்லாவிட்டால் பூ கட்டுங்கள், ‘அப்புறம்’ என்று மட்டும் சொல்லுங்கள், அதையும் அடிக்கடி சொல்லாதீர்கள், கேள்வி மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், கேள்வி கேட்டால் அவர்கள் யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இதை மைக்கில் சொன்னால் என்ன ஆகும். வணிகவியல் படிக்கிற பிள்ளைகள், ஒன்று என்று எண் போட்டு மொச்சை உரிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள், கூட்டத்தை நடத்துகிற பேராசிரியர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து வைப்பார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் விடுதி வார்டன். ஞானசுந்தரி என்று பெயர் சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன், முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள், ஏசிக் காற்று ஆகாது என்று சொல்லிவிட்டேன், இந்த மண்டபத்தில் ஏசியே கிடையாது, அதை யாரும் கவனிக்கவில்லை. வார்டன் முதலில் ‘சார் நல்லாப் பேசுதாக’ என்றார். அப்புறம் மேலே பார்த்து, ‘இந்த ஃபேன் போடுற சத்தம் எங்க அக்கா வீட்டு ஃபேன் மாதிரியே இருக்கு’ என்றார். அப்புறம் ‘அக்கா போயி ரெண்டு வருசம் ஆச்சு’ என்றார். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அது வரும். மேடையில் எனக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்திருந்தார்கள், எழுத்தாளரின் துணைவியாருக்கு. அதில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து விரலில் சுற்ற ஆரம்பித்தேன். என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ, ரேஷன் கடையில் நின்றாலும் சொல்கிறார்கள், பல் டாக்டரிடம் போனாலும் தாடையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறார்கள், மதுரை ரயிலில் ஒரு பெண் சாத்தூர் வருவதற்குள் தன் மாமனாரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு நிறையக் கடிதம் வந்தது, எழுத்தாளர் தவசிமுத்து அவர்களுக்கு.

இது இப்படி ஆகும் என்று நினைத்து ஆரம்பிக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் நாத்தனார், தன் புருஷன் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருந்தாள், அடுப்பங்கரையில் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு நன்றாக அழுதாள். அதை நான் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எழுதினால் நன்றாக வரும் என்று தெரிந்தது, எழுதினேன். என் பெயரில் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் அண்ணன் பெயரில் போனால் தெரியாது, ஏனென்றால் அவரிடம் அவள் எதையும் சொன்னதே கிடையாது. ‘உங்க பேரைப் போட்டுக்கிடட்டுமா?’ என்று கேட்டேன். மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தவர், ‘போட்டுக்கோ’ என்றார். கதை வந்தது. நாத்தனார் பத்திரிகையை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். ‘மதினி, அண்ணன் எழுதுன இதைப் படிச்சீங்களா, எனக்கு நடந்த மாதிரியே இருக்கு, எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போலருக்கு’ என்றாள். அவள் முகம் தெளிவாகியிருந்தது. அடுத்த வாரம் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை, என்னிடம் சொல்வதையும் அவள் நிறுத்தவில்லை. யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அவர் பெயருக்குப் பின்னால் சௌகரியமாக இருந்தது, இன்றைக்கு வரைக்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

‘சன்மானத்தைப் பத்திச் சொல்லணும்’ என்கிறார் மேடையில். பிள்ளைகள் நிமிர்கிறார்கள். ‘எங்கக்கா தூத்துக்குடியில கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இருந்தா’ என்கிறார் வார்டன், என் காதுக்குப் பக்கத்தில். கதை அச்சில் வந்த பிறகு கேளுங்கள், ஆசிரியரிடம் கேட்காதீர்கள், அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேளுங்கள், அங்கே இருப்பவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘காலையில மாமா போன் பண்ணி, உடனே வா, உன்னைக் கேக்குறான்னாக.’ கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், நாம் இனாமாக எதையும் கேட்கவில்லை. ‘அன்னைக்கு எனக்கு லீவுதாம்மா. பஸ் எங்க வீட்டு முக்குலயே நிக்கும், ஒண்ணு போனா ஒண்ணு வரும்.’ கதைக்குக் கீழே வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரை எழுதுங்கள், புனைபெயருக்குச் செக் வந்தால் மாற்ற முடியாது. ‘ஆனா போர்வை நனைச்சு வச்சிருந்தேன். கனமான போர்வை, மூணு. சோப்புத் தண்ணியில முக்கியாச்சு. சரி, அலசிப் போட்டுட்டுப் போவோம்னு அலசுனேன்.’ ரிப்பனை இறுக்கிச் சுற்றுகிறேன். அப்புறம் என்றுகூடச் சொல்லவில்லை. ‘வெயில் நல்லா அடிச்சுது. பாதி காய்ஞ்சதை விட்டுட்டுப் போனா நாத்தம் எடுத்துரும்லா, உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பக்கம் காய்ஞ்சுது. திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கும்போதே போன் வந்துருச்சு. அக்கா போயிட்டா.’ மேடையில் அவர் தாளைத் திருப்புகிறார். ‘அழுகையும் வரலம்மா. இன்னொரு பக்கம் காயணுமேன்னுதான் தோணுச்சு’ என்று சொல்லிவிட்டு வார்டன் மடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், இரக்கமும் இருந்தது, ஆனால் அதற்கு முன்னாலேயே ‘ஒரு பக்கம் காய்ந்துவிட்டது’ என்று முதல் வரி வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம், மாமா வேண்டாம், பஸ் மட்டும் அடிக்கடி வந்து வந்து போகட்டும். ஏன் போகவில்லை என்று கதையிலும் யாரும் கேட்கக் கூடாது. அக்காவின் மேல் கோபமா, பார்க்கப் பயமா, இவருக்கே தெரியாதது எனக்கெதற்கு.

இதுதான் போய்விடும். அவர் மட்டும் அந்தத் தாளைவிட்டு நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இதெல்லாம் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு போலீஸ்காரர் குடிவந்தார், நல்ல மனுஷர், அவர் சம்சாரமும் நல்லவள், ஆனால் அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார்கள். என்னையும் அப்படித்தான் ஆக்குவார்கள். நான் போனதும் விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குக் கற்பனை ஓடாது, கேட்டால்தான் எழுதுவேன், கேட்காவிட்டால் காபி ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வராததற்குக் காரணம், அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை என்பதுதான். பணம் அவர் கணக்குக்குத்தான் வருகிறது, கார்டு என்னிடம் இருக்கிறது, எவ்வளவு வந்தது என்றுகூடக் கேட்டதில்லை. கையெழுத்துப் போடு என்றால் போடுவார். ஒவ்வொரு கதையோடும் உறுதிமொழி என்று ஒன்று வைத்து அனுப்ப வேண்டும், இக்கதை எனது சொந்தக் கற்பனையே, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை என உறுதி கூறுகிறேன், இப்படிக்கு. நான் எழுதி நீட்டுவேன், கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ‘இதுல சொந்தமும் இல்ல, கற்பனையும் இல்ல’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கையெழுத்தும் போட்டார். ஆனால் போன மாதம் ஒரு துக்க வீட்டில், செத்தவருடைய மகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ‘நீங்க எழுதுனது எங்கப்பாவைப் பத்தித்தான் சார், எங்க மனசு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது’ என்று அழுதுகொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து நெடுநேரம் கையைக் கழுவினார். ‘அவன் அழுகை எனக்குச் சேர வேண்டியது இல்லட்டி’ என்றார். அது அவருக்குப் பாரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ஊரார் மனசெல்லாம் எழுதுகிறேன், பக்கத்தில் படுத்திருக்கிறவரை விட்டுவிட்டேன். அதற்காகவாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு. சொல்லாதீர்கள் சொல்லாதீர்கள் என்று இன்னொரு மனசு. தாளில் உறுதிமொழியைப் பற்றி நான் எழுதவே இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன், அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுவார் என்று தெரியும்.

தாள் முடிந்தது. மடித்துப் பையில் வைத்தார். பேராசிரியர் அம்மா மைக்கை வாங்கி, மாணவிகள் கேள்வி கேட்கலாம் என்றார். ஒருத்தி எழுந்து எழுதுவதற்கு எந்த நேரம் நல்லது என்று கேட்டாள், ‘கரண்டு இருக்கற நேரம்’ என்றார், சிரித்தார்கள், அவரும் கொஞ்சம் சிரித்தார். நல்லது, இதோடு முடித்துவிடுங்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், இசக்கியம்மாள், முதலாம் ஆண்டு என்று சொன்னாள், கையில் ஒரு பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தாள். ‘சார், போட்டி அறிவிப்புல உறுதிமொழிக் கடிதம் இணைக்கணும்னு போட்டிருக்கு. அதுல என்ன சார் எழுதணும்?’ அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு மூன்றாவது வரிசை தெரியாது, ஆனாலும் நான் இருக்கிற பக்கமாகத்தான் பார்த்தார். ‘அதுல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாதும்மா’ என்றார். ‘அதுல கையெழுத்துப் போடுறது ஒண்ணுதான் நான் செஞ்ச வேலை. எழுதுனதெல்லாம் அந்தா உக்காந்திருக்காகளே, எங்க வீட்டம்மா, அவுகதான்.’ அப்புறம் மண்டபமே சிரித்தது. கை தட்டினார்கள், சில பிள்ளைகள் விசிலடித்தார்கள். ‘நெசமாத்தான் சொல்லுதேன்’ என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பேராசிரியர் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘பாருங்க பிள்ளைங்களா, எவ்வளவு தன்னடக்கம், மனைவிக்கு எவ்வளவு மரியாதை, வீட்டுக்காரர்னா இப்படி அமையணும்’ என்றார். அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், திறந்து மூடிய மோட்டார் மறுபடியும் ஓடாமல் நின்றால் அப்படித்தான் நிற்பார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அப்பாடா என்றிருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது, அது ஏன் வந்தது என்று தெரியவில்லை, மண்டபம் நிறைய ஆட்கள், ஒருத்தர்கூட நம்பவில்லையே.

ஒருத்தர் நம்பினார். வார்டன் கை தட்டவில்லை. என் விரலில் சுற்றியிருந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நெசமாம்மா?’ என்றார். ‘அவுக சும்மா விளையாட்டுக்குச் சொல்லுதாக’ என்றேன். உடனே சொல்லியிருக்க வேண்டும், ரிப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னேன், விடுதிப் பிள்ளைகள் சொல்லும் பொய்களைக் கேட்டே காலம் தள்ளுகிறவருக்கு அந்த ஒரு சுற்று போதும். எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையை இழுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். மேடையில் நன்றியுரை ஆரம்பித்திருந்தது. ‘நான் முன்னாடி சரியாச் சொல்லல. முதல்ல இருந்து சொல்லுதேன்’ என்றார். குரல் மாறியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து வைத்தார். ‘எங்கக்கா என்னைத் தாய் மாதிரி வளத்தவ. அவ ஆஸ்பத்திரியில இருக்கான்னதும் எனக்குச் சோறு எறங்கல. விடியக்காலமே கெளம்பிட்டேன். அன்னைக்குன்னு பாத்து ஒரு பஸ்ஸும் ஓடல. ரோட்டுல நின்னு வார லாரிக்கெல்லாம் கையக் காட்டி அழுதேன்.’ நான் காத்துக்கொண்டிருந்தேன். லாரி வந்தது, லாரிக்காரர் தங்கச்சி என்று கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார், எட்டயபுரத்தில் டயர் வெடித்தது. ‘நான் போயிச் சேரும்போது அக்காவைத் துணி போட்டு மூடிட்டாக. கடைசியா ஞானம் ஞானம்னு என் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போனாளாம்.’ இப்போது அழுதார், நன்றாகவே அழுதார், கைக்குட்டையை விரித்துத் துடைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டேனா என்று என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ‘போர்வை காய்ஞ்சிருச்சா?’ என்று கேட்டேன். ‘எந்தப் போர்வை?’ என்றார் வார்டன். நாட்டுப்பண் என்று மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் எழுந்தார்கள், நாங்களும் எழுந்து நின்றோம்.